மரத்துப்போன கட்டைவிரல் நுனியில் மறுபடி உணர்வு வருமா?

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருக்கும் வாசகர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். வயது 41. அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை விட்டுவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

ஏழு மாதத்துக்கு முன் துணி வெட்டும் பேண்ட் நைஃப் மெஷினில் துணி அடுக்கைத் தள்ளிக்கொண்டிருந்தபோது, அவருடைய வலது கட்டைவிரலின் நுனிச் சதை சீவிப்போனது. ஸ்டீல் கிளவுஸை வேர்வைக்காகக் கழற்றி வைத்திருந்தாராம். சீவிய துண்டு திரும்ப வைத்துத் தைக்கும் நிலையில் இல்லை. அன்றே ஒரு தனியார் மருத்துவமனையில் முன்கையிலிருந்து தோல் எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். மூன்று வாரத்தில் புண் ஆறிவிட்டது. நகம் தப்பியது, நுனியில் மட்டும் கொஞ்சம் கீழ்நோக்கி வளைந்து வளர்கிறது.

"விரல் இருக்குதுங்க, ஆனா இல்லாத மாதிரியே இருக்குது" என்கிறார். சட்டைப் பட்டன் போட மனைவி வர வேண்டியிருக்கிறது. பாக்கெட்டுக்குள் விட்டால் கையில் அகப்பட்டது சாவியா சில்லறையா என்று தெரியவில்லை. முன்பெல்லாம் துணியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஒரு தேய்ப்புத் தேய்த்தால் அதன் கனம் 160 ஜிஎஸ்எம்மா (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) 180ஆ என்று சொல்லிவிடுவார். கம்பெனியில் அவருக்கு இருந்த மரியாதையே அதுதானாம். இப்போது அது போயிற்று. இரண்டு மாதத்துக்கு முன் அயர்ன் டேபிளில் விரல் பட்டுக் கொப்புளம் வந்ததே தெரியவில்லை, பக்கத்தில் இருந்தவர் சொல்லித்தான் பார்த்தார். ஆனால் விரலின் ஓரத்தில் ஓர் இடத்தில் இடித்தால் மட்டும் கரண்ட் அடிப்பது போலிருக்கிறது; முதலில் அதை உணர்வு திரும்புவதன் அறிகுறி என்று நினைத்திருக்கிறார். மார்கழிக் குளிரில் நுனி நீலம் பாரித்து வலித்தது. மூன்று வருடமாகச் சுகருக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். பீடியும் உண்டு.

இப்போது பார்த்த பிளாஸ்டிக் சர்ஜன், ஒட்டிய தோலை எடுத்துவிட்டு, ஆள்காட்டி விரலின் புறப்பகுதியிலிருந்தோ நடுவிரலின் பக்கவாட்டிலிருந்தோ ரத்தக்குழாயும் நரம்புமாகச் சதையைக் கொண்டுவந்து வைக்கலாம் என்று சொல்லியிருக்கிறார். வீட்டில் ஒத்துக்கொள்ளவில்லை. "ஆறுன வெரலை எதுக்கு இன்னொருக்கா அறுத்துக்கறீங்க மாப்பிள்ளை?" என்பது மைத்துனர். "கணு வரைக்கும் எடுத்துட்டா ஒரே மாசத்துல வேலைக்குப் போயிடலாம்" என்பது அண்ணன். மருந்துக்கடைக்காரர் நரம்பு மாத்திரையே போதும் என்கிறார். யூடியூபில் பார்த்து விரலைச் சுடுநீரில் ஊறவைத்தபோது மற்ற விரல்கள் சுருங்கின, இது சுருங்கவில்லை. நரம்பு செத்துவிட்டது என்று முடிவு கட்டிவிட்டார். முதலில் பார்த்த டாக்டர் ஏமாற்றிவிட்டாரா என்றும் கேட்கிறார். கடைசி வரியில், முதலாளி ஆஸ்பத்திரிச் செலவைக் கொடுத்துவிட்டு வெள்ளைத்தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார் என்றும், தன்னிடம் இஎஸ்ஐ (தொழிலாளர் அரசு காப்பீடு) கார்டு இருக்கிறது என்றும் போகிறபோக்கில் எழுதியிருக்கிறார்.

அன்புள்ள சகோதரருக்கு,

சுடுநீரை முதலில் பார்த்துவிடுவோம், உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது அதுதான் என்று தெரிகிறது. நரம்பு வேலை செய்யும் விரல்நுனி தண்ணீரில் ஊறினால் சுருங்கும், நரம்பு அறுபட்டால் சுருங்காது என்பது உண்மைதான். கை அறுவை சிகிச்சைத் துறையில் 1970களிலிருந்தே அதை ஒரு சோதனையாக வைத்திருக்கிறோம். ஆனால் அது உள்ளங்கைப் பக்கத்துச் சொந்தத் தோலுக்குத்தான் பொருந்தும். உங்கள் நுனியில் இருப்பது முன்கைத் தோல். முன்கையை எத்தனை நேரம் ஊறவைத்தாலும் விரல் மாதிரி சுருங்காது. எனவே அந்தச் சோதனை உங்கள் விஷயத்தில் எதையுமே சொல்லவில்லை. அதை மறந்துவிடுங்கள்.

நரம்பு செத்துவிடவும் இல்லை. கட்டைவிரலின் உள்ளங்கைப் பக்கத்தில் இடமும் வலமுமாக இரண்டு நரம்புகள் ஓடுகின்றன. கடைசிக் கணுவைத் தாண்டியதும் ஒவ்வொன்றும் விசிறி போலக் கிளை பிரிந்து நுனிச் சதையில் பரவுகிறது. உங்களுக்குச் சீவிப்போனது அந்தக் கிளைகள் பரவியிருந்த சதை. நரம்பின் தண்டு கணுவருகே இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. ஒட்டிய தோலுக்குச் சொந்த ரத்தக்குழாயும் கிடையாது, நரம்பும் கிடையாது; அடியிலிருந்தும் ஓரத்திலிருந்தும் நரம்பு இழைகள் மெல்ல ஊடுருவினால் உண்டு. மெல்லிய ஒட்டுத்தோலில் அப்படி வருவது சொற்பம். விரல்நுனிக்கே உரிய மெத்தை போன்ற கொழுப்பும் அந்த இடத்தில் இல்லை. எலும்பின் மேல் ஏறக்குறைய நேரடியாகத் தோல் படுத்திருக்கிறது. தட்டினால் வலிப்பதும் நகம் வளைவதும் அதனால்தான்.

அந்தக் கரண்ட் அடிப்பதை உணர்வு திரும்புவதன் அறிகுறி என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியும் இருக்கலாம், அல்லாமலும் இருக்கலாம். வளர்கிற நரம்பாக இருந்தால், தட்டும்போது சுரீரென்று இழுக்கும் இடம் மாதத்துக்கு மாதம் நுனியை நோக்கி நகர வேண்டும். நரம்பு வளரும் வேகம் நாளுக்குச் சுமார் 1 மி.மீ. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் ஏழு மாதமாக ஒரே இடத்தில்தான் அடிக்கிறது. அறுபட்ட நரம்புமுனை போக வழியில்லாமல் முடிச்சாகிவிட்டால் இப்படித்தான் இருக்கும், நியூரோமா என்போம். கேட்கத் தொந்தரவாக இருந்தாலும் இதில் ஒரு லாபம் இருக்கிறது. அங்கே உயிருள்ள நரம்புமுனை ஒன்று இருக்கிறது, புதிதாக வரும் சதையின் நரம்பை அதனோடு இணைக்க முடியும் என்பதற்கான தடயம் அது. சர்ஜனிடம் அந்த இடத்தைப் பேனாவால் புள்ளி வைத்துக் காட்டுங்கள்.

எந்த அளவு உணர்வு வேண்டும்?

"பழையபடி வருமா?" என்பது உங்கள் கேள்வி. வராது என்பதே நேர்மையான பதில். ஆனால் அதற்கும் இப்போதைய நிலைக்கும் இடையில் நிறைய இடம் இருக்கிறது.

மிகவும் அடிப்படையானது பாதுகாப்பு உணர்வு: சூடு, குத்து, அழுத்தம் தெரிவது. உங்களிடம் அதுவே இப்போது இல்லை என்பதற்கு அயர்ன் டேபிள் கொப்புளம் சாட்சி. இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வேலூர் சிஎம்சியில் தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்துவந்த டாக்டர் பால் பிராண்ட், அவர்களுடைய விரல்கள் குறுகிப்போவது நோய் சதையைத் தின்பதால் அல்ல, வலி தெரியாத விரலில் தினமும் படும் காயங்களால்தான் என்று எடுத்துக்காட்டினார். உங்களுக்கு இருப்பது அந்த நோய் இல்லை, ஆனால் உணர்வில்லாத விரலுக்கு நேர்வது ஒன்றுதான். அதுவும் சுகர் இருக்கும்போது.

அடுத்தது, தொடுவது எங்கே, எவ்வளவு என்று தெரிவது. பட்டன் போட இது வேண்டும். அதற்கும் மேலே, கண்ணால் பார்க்காமலே பொருளை அறிவது. ஜிஎஸ்எம் சொல்லும் திறமை இந்த மூன்றாவது வகை.

இதை அளக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. ஜெம் கிளிப்பை நிமிர்த்தி, இரண்டு முனைகளும் பக்கம் பக்கமாக வரும்படி வளைத்து, கண்ணை மூடிக்கொண்டு, வீட்டில் ஒருவரை விரல்நுனியில் லேசாக வைக்கச் சொல்லுங்கள். சில சமயம் ஒரு முனை, சில சமயம் இரண்டு. நல்ல விரல்நுனிக்கு 3 முதல் 5 மி.மீ. இடைவெளியிலேயே "இரண்டு" என்று தெரிந்துவிடும். 6 மி.மீ.க்குள் இருந்தால் இயல்பு என்கிறோம். 10 வரை சுமார். 15ஐத் தாண்டினால் பாதுகாப்பு உணர்வோடு சரி. கிளிப்பை அழுத்தக் கூடாது. தோல் வெளுக்காமல் பட்டும்படாமலும் வைக்க வேண்டும். இடது கட்டைவிரலிலும் செய்து இரண்டையும் எழுதிவையுங்கள். ஆபரேஷனுக்குப் பிறகு எவ்வளவு முன்னேறினீர்கள் என்று பார்க்க இந்த எண் வேண்டும்.

உங்களுக்கு ஃபிளாப் ஆபரேஷன், அதாவது சர்ஜன் சொன்னது போல ரத்தக்குழாயும் நரம்புமாகச் சதையைக் கொண்டுவந்து வைப்பது, தேவை என்றே நினைக்கிறேன். ஆனால் அதற்கு நான் சொல்லும் காரணம் பாதுகாப்பு உணர்வும், எலும்பின் மேல் ஒரு சதை மெத்தையும், அந்தக் கரண்ட் வலிக்கு ஒரு முடிவும். ஜிஎஸ்எம் சொல்வதற்காக மட்டும் செய்துகொள்வதாக இருந்தால் ஏமாற்றம் வரலாம். அது வந்தால் லாபம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் டாக்டர் ஏமாற்றினாரா?

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், இல்லை. ஒட்டுத்தோல் பிடித்திருக்கிறது என்றாலே எலும்பின் மேல் உயிருள்ள திசு கொஞ்சம் மிஞ்சியிருந்தது என்று அர்த்தம். வெற்று எலும்பின் மேல் அது பிடிக்காது. சுகர் இருப்பவருக்கு, புண்ணைச் சீக்கிரம் மூடும் எளிய வழியை எடுத்திருக்கிறார். வேறு வழிகளையும் சொல்லியிருக்கலாம் என்பது வேறு விஷயம். அவரிடமிருந்து உங்களுக்கு வேண்டியது ஆபரேஷன் குறிப்பு. நரம்புமுனைகளை என்ன செய்தார், எலும்பைச் சீவினாரா என்பது அதில் இருக்கும். கேட்ட 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவுகளைக் கொடுக்க வேண்டும் என்பது இந்திய மருத்துவ கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு விதி. சண்டை போடாமல், எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

எங்கிருந்து சதை எடுப்பது?

உங்கள் சர்ஜன் இரண்டு வழிகள் சொன்னார். அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "கட்டைவிரலின் சொந்தத் தோலையே முன்னால் நகர்த்த முடியாதா?" சுவீடனின் எரிக் மோபெர்க் 1964இல் எழுதிய முறையில், கட்டைவிரலின் உள்ளங்கைப் பக்கத் தோல் முழுவதையும், இரண்டு நரம்புகளும் ரத்தக்குழாய்களும் அதிலேயே இருக்க, தூக்கி நுனிவரை இழுத்துத் தைக்கிறார்கள். புறப்பக்கத் தோலுக்குத் தனி ரத்த ஓட்டம் இருப்பதால் கட்டைவிரலில் இதைத் துணிந்து செய்யலாம். உணர்வுக்கு இதைவிட நல்ல வழி இல்லை, ஏனென்றால் நரம்பை யாரும் அறுக்கவே இல்லை. ஆனால் சுமார் 1.5 செ.மீ. வரைதான் நகரும், அதற்கு மேல் இழுத்தால் கணு மடங்கி நின்றுவிடும். இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான், சென்னை ஸ்டான்லி மருத்துவமனையின் டாக்டர் ஆர். வெங்கடசாமியும் டாக்டர் என். சுப்பிரமணியனும் 1980இல் எழுதி வெளியிட்ட சாய்வு முக்கோண ஃபிளாப். விரலின் ஒரு பக்கத்து நரம்பும் ரத்தக்குழாயும் உள்ளே இருக்க, முக்கோணமாகத் தோலை வெட்டி நுனிக்கு நகர்த்துவது. இன்று உலகம் முழுக்கச் செய்கிறார்கள். இங்கிருந்து போனது என்று சொல்லிக்கொள்வதில் எங்களுக்குக் கொஞ்சம் பெருமைதான்.

உங்கள் நுனியில் நாள்பட ஒட்டுத்தோல் சுருங்கியிருக்கும். மரத்த பகுதி இப்போது எவ்வளவு நீளம் என்று அளந்தால், இந்த வழிக்குள் அடங்குமா என்று தெரிந்துவிடும். உங்கள் சர்ஜன் ஏற்கெனவே அளந்து இதைத் தள்ளியிருக்கலாம். இருந்தாலும் கேளுங்கள்.

அடங்காது என்றால் ஆள்காட்டி விரலின் புறப்பகுதி. கைட் ஃபிளாப் என்று உங்களிடம் சொன்னது இதைத்தான். பிரான்சின் ஃபூஷே 1979இல் விவரித்தது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிக்கும் நடுவிலுள்ள தசையின் மேல் ஒரு சின்ன ரத்தக்குழாய் ஓடுகிறது. அதன் முனையில் ஆள்காட்டியின் அடிக்கணுவின் மேலிருக்கும் தோலைத் தீவாக வெட்டி, ரத்தக்குழாயும் நரம்புக்கிளையும் அறுபடாமல், தோலுக்கடியில் வழி உண்டாக்கிக் கட்டைவிரலுக்குக் கொண்டுபோகிறார்கள். ஆள்காட்டி விரல் கெட்டுவிடும் என்று பயப்படுகிறீர்கள். எடுப்பது முதுகுப்பக்கத் தோல். துணியைத் தொட்டுப் பார்க்கும் நுனியை யாரும் தொடப்போவதில்லை. எடுத்த இடத்தில் ஒட்டுத்தோல் வைப்பார்கள், தழும்பு தெரியும், சில மாதம் விரலை முழுதாக மடக்கும்போது இறுக்கம் இருக்கும். இதன் குறை வேறு. முதுகுப்பக்கத் தோலில் ரேகை கிடையாது, உணர்வு முனைகளும் நுனியில் இருப்பது போல் நெருக்கமாகக் கிடையாது. கிளிப் சோதனையில் 10 மி.மீ. அருகே வந்தால் நல்ல பலன் என்று வைத்துக்கொள்ளலாம். கட்டைவிரலின் கடைசி முனைவரை அந்தத் தோல் எட்டுமா என்பதையும் உங்கள் கையில் அளந்துதான் சொல்ல முடியும்.

நடுவிரலின் பக்கவாட்டிலிருந்து எடுப்பது நியூயார்க்கின் லிட்லர் 1950களில் கொண்டுவந்த வழி. அசல் விரல்நுனித் தோல், அசல் நரம்பு, எனவே கட்டைவிரலில் கிடைப்பது நல்ல சரக்கு. ஆனால் நடுவிரலில் ஒரு பாதி மரத்துப்போகும், குளிரில் வலிக்கும். கையால் பிழைக்கும் ஒருவருக்கு, ஒரு விரலைச் சரிசெய்ய இன்னொரு விரலில் பாதியைக் கொடுப்பது எனக்கு உடன்பாடில்லை. வேறு வழி இருக்கும்வரை இதற்குப் போகாதீர்கள்.

உங்களிடம் யாரும் சொல்லாத வழி ஒன்றும் இருக்கிறது. கால் விரலின் நுனிச் சதையை ரத்தக்குழாய், நரம்போடு எடுத்து, மைக்ரோஸ்கோப்பின் கீழ் கையிலுள்ள ரத்தக்குழாய், நரம்போடு தைப்பது. ரேகையும் மெத்தையும் உள்ள தோல் என்பதால் பார்வைக்கும் உணர்வுக்கும் இதுதான் அசலுக்கு மிக அருகில் வருகிறது. பல மணி நேர ஆபரேஷன். தைத்த ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்துவிட்டால் சதை முழுவதும் போய்விடும். சுகரும் பீடியும் அந்த ஆபத்தைக் கூட்டுகின்றன. பீடியை விட்டு, சுகர் கட்டுக்குள் வந்து, இதை வழக்கமாகச் செய்யும் இடம் கிடைத்தால் யோசிக்கலாம். இல்லையென்றால் எனது வாக்கு கைட் ஃபிளாப்புக்கே.

அண்ணன் சொல்லும் வழி, கணுவோடு எடுப்பது. மற்ற விரல்களில் நுனி நசுங்கினால் நாங்களே அதைச் சொல்வதுண்டு; சீக்கிரம் வேலைக்குத் திரும்பலாம் என்பதும் பொய்யில்லை. கட்டைவிரல் விஷயத்தில் மட்டும் அந்தக் கணக்கு செல்லாது. மற்ற நான்கு விரல்களும் எதிரில் வந்து பிடிப்பது இதைத்தான், அதன் ஒவ்வொரு சென்டிமீட்டரும் வேண்டும். அண்ணன் உங்கள் நல்லதுக்குத்தான் சொல்கிறார். அடுத்த முறை சர்ஜனிடம் போகும்போது அவரையும் மைத்துனரையும் கூட்டிப்போங்கள். வீட்டில் நீங்கள் எடுத்துச் சொல்வதைவிட அங்கே கேட்பது எடுபடும்.

கட்டைவிரலைத் தொட்டால் ஆள்காட்டியில் தெரியும்

இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் பலர் பயந்துவிடுகிறார்கள். கைட் ஃபிளாப்பை அதன் நரம்போடு அப்படியே கொண்டுவந்தால், உணர்வு முதல் நாளிலிருந்தே இருக்கும். ஆனால் கட்டைவிரல் நுனியைத் தொட்டால் ஆள்காட்டியின் முதுகைத் தொட்டது போல் தோன்றும். தபால் வந்து சேர்கிறது, அனுப்பியவர் விலாசம்தான் பழசு. மூளை அந்த நரம்பை இன்னும் ஆள்காட்டியின் கணக்கில்தான் வைத்திருக்கிறது. மாதக்கணக்கில் பழகினால் சிலருக்கு மாறிவிடும், சிலருக்கு மாறுவதே இல்லை.

இன்னொரு வகை, வந்த சதையின் நரம்பை அறுத்து, கட்டைவிரலின் சொந்த நரம்புமுனையோடு மைக்ரோஸ்கோப்பின் கீழ் தைப்பது. விலாசம் சரியாக இருக்கும். ஆனால் நரம்பு புதிதாக வளர்ந்து வர வேண்டும்: முதல் சிலிர்ப்புக்கே மூன்று நான்கு மாதம், தெளிவு கூடுவது இரண்டு வருடம் வரை. 41 வயதில் சின்னப் பையனுக்கு வருவது போல் வராது, வராமலே போவதும் உண்டு. உங்களிடம் நியூரோமா இருப்பதால் நான் இரண்டாவது வகைப் பக்கம் சாய்கிறேன். முடிச்சை வெட்டிவிட்டு அந்த முனையையே இணைப்புக்குப் பயன்படுத்தினால் கரண்ட் வலிக்கும் வழி பிறக்கலாம். ஆள்காட்டியைப் பார்த்திருக்கும் பக்கத்து நரம்போடு இணைக்கச் சொல்லுங்கள்; பொருளைக் கிள்ளிப் பிடிக்கும்போது வேலை செய்வது அந்தப் பக்கம்தான்.

இணைத்தபின் பயிற்சி இல்லாவிட்டால் பாதிப் பலன் வீண். புண் ஆறி, லேசான தொடுதல் தெரிய ஆரம்பித்ததும் தெரபிஸ்ட் தொடங்குவார். பென்சிலின் ரப்பர் முனையால் நுனியில் கோடு இழுப்பது. முதலில் கண்ணால் பார்த்துக்கொண்டு, பிறகு கண்ணை மூடிக்கொண்டு, மறுபடி பார்த்து. ஒரு தடவைக்குப் பத்து நிமிடம், ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை. அலுப்பான வேலை. இதில் உங்களுக்கு மற்றவர்களுக்கு இல்லாத வசதி இருக்கிறது. கம்பெனியிலிருந்து சிங்கிள் ஜெர்சி, இன்டர்லாக், ரிப், ஃப்ளீஸ், டெர்ரி என்று கைக்குட்டை அளவில் வெட்டி ஒரு பையில் போட்டு வையுங்கள். முதலில் ஃப்ளீஸா ஜெர்சியா என்ற பெரிய வித்தியாசம், அது பழகியதும் ரிப்பா இன்டர்லாக்கா, கடைசியாக ஒரே ரகத்தில் 220ஆ 160ஆ. இடது கை விரல்களால் முதலில் தொட்டுப் பார்த்துவிட்டு, அதே துண்டை வலது கையில் உருட்டுங்கள். துணியை நசுக்கிப் பார்க்காமல் நகர்த்திப் பார்க்க வேண்டும். நகரும் தொடுதல்தான் முதலில் திரும்பும். இதற்கிடையில் இடது கையைப் பழக்கிக்கொள்ளவும் தடையில்லை. அதற்கு ஆபரேஷனுக்காகக் காத்திருக்க வேண்டாம், இன்றே தொடங்கலாம்.

மாத்திரை, சுகர், பீடி

நரம்பு மாத்திரை என்று கொடுப்பது பெரும்பாலும் பி12. நரம்பே இல்லாத தோலில் அது நரம்பை முளைக்க வைக்காது. ஆனால் வருடக்கணக்கில் மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்களுக்கு பி12 குறைவதுண்டு. குறைந்தால் நரம்புக்குக் கெடுதல்தான். அதனால் ரத்தத்தில் ஒருமுறை பாருங்கள். குறைந்திருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் அந்தக் காசு மிச்சம். கூடவே, கடந்த மூன்று மாதச் சுகரின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி. அது உயரமாக இருந்தால் தேதியைத் தள்ளிப்போடச் சொல்லி நீங்களே கேளுங்கள்.

பீடி விஷயத்தில் நான் கறார். நிகோடின் சின்ன ரத்தக்குழாய்களைச் சுருக்கும். ஃபிளாப் மொத்தமும் அப்படி ஒரு சின்னக் குழாயை நம்பித்தான் பிழைக்கிறது. நாலு வாரம் முன்னும் நாலு வாரம் பின்னும் தொடவே கூடாது. "ஒண்ணே ஒண்ணு" என்பதும் கணக்கில் சேரும். குளிரில் நீலம் பாரிப்பதற்கும் பீடி உடந்தை. ஆபரேஷன் செய்தாலும் குளிர்த் தொல்லை உடனே போகாது. ஓரிரண்டு வருடத்தில் பலருக்குக் குறைகிறது, சிலருக்குத் தங்கிவிடுகிறது.

மற்ற அபாயங்களையும் சொல்லிவிடுகிறேன். ஃபிளாப்பின் ஓரம் கறுத்துப்போகலாம், அரிதாக முழுவதும் போகலாம். சீழ் பிடிக்கலாம். நியூரோமா மறுபடி வரலாம். வளைந்த நகம் முழுதாக நிமிராது. அடியில் மெத்தை வந்தால் மேலும் வளைவது குறையலாம், அவ்வளவே. பெரும்பாலும் கையை மட்டும் மரக்கச் செய்துதான் ஆபரேஷன். தையல் பிரிக்க இரண்டு வாரம். லேசான வேலைக்கு ஆறு முதல் எட்டு வாரம். பேண்ட் நைஃப் பக்கம் போவதை உணர்வைச் சோதித்துப் பார்த்தபின் முடிவு செய்யலாம். இப்போதும், ஆபரேஷன் வரைக்கும், அந்த விரலால் சூட்டைத் தொட்டுப் பார்க்காதீர்கள். ராத்திரி படுக்கும் முன் கண்ணால் ஒருமுறை விரலைப் பாருங்கள்.

வெள்ளைத்தாளும் இஎஸ்ஐயும்

நான் வக்கீல் இல்லை. ஆனால் வேலையில் கை அடிபட்டவர்களைப் பார்க்கும் எவருக்கும் இந்தப் பேச்சு அடிக்கடி காதில் விழும். வேலை விபத்தில் வர வேண்டியதை விட்டுக்கொடுத்தேன் என்று தொழிலாளியிடம் எழுதி வாங்கினாலும் அது சட்டத்தில் நிற்காது. முதலாளி ஆஸ்பத்திரிச் செலவைக் கொடுத்தது நல்ல விஷயம்தான், அதனால் உங்கள் உரிமை தீர்ந்துவிடவில்லை. உங்களிடம் இஎஸ்ஐ இருப்பதால் தனி இழப்பீட்டு வழக்குப் போட முடியாது, அதற்குப் பதில் இஎஸ்ஐ வழியாகவே வர வேண்டும். வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குக் கூலியில் 90 சதவீதம் என்பது ஒன்று. நிரந்தரக் குறைபாடு மிஞ்சினால், மருத்துவக் குழு பார்த்துச் சொல்லும் சதவீதப்படி மாதாமாதம் ஆயுள்வரை என்பது இன்னொன்று. சட்ட அட்டவணையில் முழுக் கட்டைவிரல் போனால் 30 சதவீதம், ஒரு கணு போனால் 20. உங்களுடையது இந்த இரண்டிலும் வராது, ஆனால் உணர்வு இழப்பைக் குழுவிடம் எடுத்துச் சொல்லலாம். கிளிப் சோதனை எண்களும் அயர்ன் கொப்புளத்தின் போட்டோவும் அங்கே உதவும்.

சிக்கல் எங்கே என்றால், விபத்தை வேலை விபத்தாகக் கம்பெனி பதிந்ததா என்பது உங்கள் கடிதத்தில் இல்லை. தனியார் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனதைப் பார்த்தால் பதிந்திருக்க மாட்டார்கள் என்றே தோன்றுகிறது. முதல் நாள் சிகிச்சைச் சீட்டில் "மெஷினில் அடிபட்டது" என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். பல சமயம் "வீட்டில் விழுந்தார்" என்று இருக்கும். எதுவாக இருந்தாலும் அந்தச் சீட்டு, அன்று உடனிருந்த இருவரின் பெயர், அந்த மாதத்துச் சம்பளச் சீட்டு இவற்றோடு உங்கள் இஎஸ்ஐ கிளை அலுவலகத்துக்குப் போய், விபத்து நடந்த தேதியை எழுதி மனுவாகக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். ஏற்கெனவே ஏழு மாதம் ஆகிவிட்டது, இன்னும் தள்ள வேண்டாம். தொழிற்சங்கத்தில் யாராவது தெரிந்தால் கூட அழைத்துப்போங்கள். ஃபிளாப் ஆபரேஷனையும் இஎஸ்ஐ மருத்துவமனை மூலம் கேட்கலாம்; அங்கே அந்த வசதி இல்லாவிட்டால் ஒப்பந்தத்திலுள்ள மருத்துவமனைக்கு அவர்களே எழுதிக்கொடுப்பார்கள். ஆபரேஷன் செய்துகொண்டால் குறைபாட்டுத் தொகை போய்விடுமே என்று சிலர் காலம் கடத்துவார்கள். குழு பார்ப்பது சிகிச்சை எல்லாம் முடிந்து மிஞ்சியிருக்கும் குறையைத்தான். சதவீதம் கூடட்டும் என்று விரலைச் சுட்டுக்கொண்டிருப்பதில் எனக்கு நியாயம் தெரியவில்லை.

பழைய ஆபரேஷன் குறிப்பு கைக்கு வந்ததும், கிளிப் எண்கள், பி12, எச்பிஏ1சி முடிவுகளோடு சர்ஜனைப் பாருங்கள். சொந்தத் தோலை நகர்த்த முடியுமா, நரம்பை இணைப்பீர்களா அப்படியே கொண்டுவருவீர்களா, எந்தப் பக்கத்து நரம்பு, பயிற்சி கொடுக்க உங்களிடம் தெரபிஸ்ட் இருக்கிறாரா என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு "அதெல்லாம் தானா வந்துடும்" என்று பதில் வந்தால், இன்னொரு கை அறுவை சிகிச்சை நிபுணரிடமும் ஒரு கருத்து வாங்கிவிட்டுத் தேதி குறியுங்கள்.